சிப்பிக்கு இருந்த சோதனை, நம் பெண்களுக்கு ஏன் இல்லை?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரசு ஒரு வேலையை அக்கறையோடு செய்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்குப் படகு அனுப்பி, ஆட்களைக் கடலில் இறக்கி, சிப்பி எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்தப் பார் எப்போது பலன் தரும் என்று முன்கூட்டியே சோதித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்கென்றே தனி அதிகாரி இருந்தார். வருமானம் வரும் இடத்துக்கு அரசின் கண் முதலில் போய்விடும்.

அதே கரையில் உப்பளப் பாத்திகளில் வெந்துகொண்டிருக்கும் நம் பெண்களின் உடலை முன்கூட்டியே பார்க்க யார் வந்தார்கள்? கருப்பைவாய்ப் புற்று என்று தெரியும்போது நோய் முற்றியிருக்கிறது. உடனே பழி நம்மீது விழுகிறது: படிக்காத சனம், கூச்சம், நாட்டு மருந்து, மூடநம்பிக்கை. இந்தக் கதையை நாம் ஏற்கவில்லை. வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

தென்கோடியில் புற்றுநோய் பற்றிய அறிவு நேற்று வந்ததல்ல. அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் பெண்டால், 1,700 நோயாளிகளைப் பற்றி 1908-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி ஓர் 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். அறிவு லண்டன் போய்ச் சேர்ந்தது. நம் தெருவுக்கு வரவில்லை.

மருத்துவமனைகளும் தொலைவிலேயே எழுந்தன. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் போராடி உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அது சென்னையில். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் வந்தது. துறைமுகமும் ஆலைகளும் உள்ள தூத்துக்குடி, மருத்துவக் கல்லூரிக்கு 2000 வரை காத்திருந்தது. தாமதித்தது நோயாளியா, அரசா?

இனி திண்டுக்கல்லுக்கு வருவோம். அங்கே 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். பெரிய எந்திரம் தேவைப்படவில்லை. 2007-இல் முடிவு வெளியானது: சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுமார் 31,000 பெண்கள் சோதனை இல்லாமல் விடப்பட்டார்கள். மும்பை, உஸ்மானாபாத் ஆய்வுகளையும் சேர்த்தால் அப்படி விடப்பட்டவர்கள் 1,38,000-க்கும் மேல். அவர்களில் 254 பேர் இந்த நோயால் இறந்ததைச் சுட்டிக்காட்டி 2014-இல் கடும் விமர்சனம் எழுந்தது. அவர்களுக்குக் கிடைத்தது 'வழக்கமான கவனிப்பு' என்பதே ஆய்வாளர் தரப்பு வாதம். அந்த வழக்கத்தில் சோதனையே கிடையாது. எந்த ஆய்விலும் சேராத நம் பெண்களும் அதே வழக்கத்தில்தான் விடப்பட்டிருந்தார்கள்.

30 வயது கடந்தோருக்குச் சோதனை என்று 2016-இல் ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருப்பைவாய்ச் சோதனை ஒருமுறையேனும் செய்துகொண்ட பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். தமிழகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்.

மீதி ஒன்பது பேரின் தாமதம் எப்படி நடக்கிறது? விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவளுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். வெள்ளைப்படுதல் என்று சொன்னால் பரிசோதிக்காமலே மாத்திரை கொடுத்து அனுப்பப்படுகிறாள். சதைத் துணுக்குப் பரிசோதனைக்கு ஒருநாள், முடிவு வாங்க ஒருநாள், பெரிய ஊருக்கு எழுதிக்கொடுத்தால் இன்னும் சில நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி. சேரியிலிருந்து வருகிறவள் என்று தெரிந்ததும் மாறும் குரல் அவளை மறுமுறை வரவிடாமல் செய்கிறது. காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும். இழந்த கூலியையும் மரியாதையையும் தராது.

எனவே நாம் கேட்பது விழிப்புணர்வு ஊர்வலம் அல்ல. செவிலியர் உப்பளத்துக்கும் காலனிக்கும் வரட்டும். சோதனை நாளுக்குக் கூலி கொடுக்கட்டும். எந்த நிலையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைச் சாதிவாரியாக, தொழில்வாரியாக அரசு வெளியிடட்டும். கடலுக்கடியில் சிப்பியை எண்ணத் தெரிந்த அரசுக்கு, கரையில் இருக்கும் நம்மை எண்ணத் தெரியாதா?