இருவிழிப் போட்டி குறித்த நேச்சர் கட்டுரை (1972)

நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை இசுட்டான்லி மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோது எஸ். சிறீராமுடன் இணைந்து எழுதிய இக்கட்டுரை 1972 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியானது.

இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டு மூளை ஆழத்தை உணர்கிறது. ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் காட்டினால், பெரும்பாலும் அவை கலவாமல் மாறி மாறித் தோன்றும். இதுவே இருவிழிப் போட்டி. பேலா ஜூலெஸ் உருவாக்கிய புள்ளிப் படங்களில் ஒரு கண்ணுக்கு வெறும் புள்ளிகளே தெரியும். இரு படங்களை இரு கண்களால் ஒருசேர நோக்கினால் மட்டுமே உருவம் மேலெழும். இப்படங்களை நிற வடிகட்டிகள் வழியே நோக்கியபோது, நிறப் போட்டி இருந்தும் ஆழம் புலப்பட்டது. நிறத்தில் இணங்காத கண்கள் ஆழத்தில் இணங்கின எனலாம்.

மூளையைத் திறக்காமல், மின்முனை எதுவும் செருகாமல் அதன் செயற்பாட்டை ஆராய்ந்தமை இங்கு கருதத்தக்கது. மாணவர் ஒருவருக்கு எட்டக்கூடிய முறை இது. 1973 இல் வி. எம். ராவ், டி. ஆர். வித்தியாசாகர் ஆகியோருடன் எழுதிய அடுத்த கட்டுரையும் நேச்சரில் வந்தது. இராமச்சந்திரன் 1974 இல் மருத்துவப் பட்டமும் 1978 இல் கேம்பிரிட்ச்சில் முனைவர் பட்டமும் பெற்றார். கை இழந்தோரின் மாய உறுப்பு வலிக்கு 1990களில் அவர் பயன்படுத்திய கருவியும் ஒரு கண்ணாடிப் பெட்டியே.