ஈஷாப்பூரில் உருவான இலகு இயந்திரத் துப்பாக்கி

பிரெஞ்சு நிபுணர் பெர்த்தியே வகுத்த இலகு இயந்திரத் துப்பாக்கி அமைப்பை 1925-இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் உரிமை பெற்று விருத்தி செய்ய, 1930-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் அதனை அங்கீகரித்து, கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையிலுள்ள ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே உற்பத்தி செய்யத் தலைப்பட்டது.

சுடுகையில் குழலில் எழும் வாயுவின் ஒரு பகுதி உந்துதண்டைப் பின்னே தள்ள, மேலே பொருத்திய பெட்டியின் 30 தோட்டாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்; .303 தோட்டாவின் அடிவிளிம்பு அகன்றிருந்தமையால் அப்பெட்டி வளைவாக அமைதல் அவசியமாயிற்று.

பிரிட்டிஷ் ராணுவம் செக்கோஸ்லோவாகிய வம்சத்துப் பிரென் துப்பாக்கியைத் தேர்ந்தபோதும், இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய வீரர்கள் ஈஷாப்பூர்த் துப்பாக்கியையும் தாங்கிப் போரிட்டனர். பிரென்னின் கீர்த்தியில் மறைந்த இவ்வாயுதத்தை நம் தொழிலாளரின் கைத்திறனுக்குச் சாட்சியாகப் போற்றுதல் நியாயமே.