மூலை திரும்பிய முதல் ஆள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். போரை நடத்துவது தளபதியின் மூளை, சிப்பாய் வெறும் கைதான் என்றார். அதோடு விட்டாரா? முதல் உலகப் போருக்கு நம் ஆட்கள் கூலிக்குத்தானே போனார்கள், அவர்களுக்கு என்ன வரலாறு என்று ஒரு போடு போட்டார். கூலிதான் ஐயா, மறுக்கவில்லை. மாதம் 11 ரூபாய். அந்தப் பதினோரு ரூபாய்க்குப் போன ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்றைய உத்தராகண்டில் தெஹ்ரி கட்வால். அங்கே சம்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். 1895 ஏப்ரல் 21-இல் பிறந்தவன் கபர் சிங் நேகி. 1913 அக்டோபரில் 39-ஆவது கட்வால் ரைபிள்ஸில் சேர்ந்தான். வயது பதினெட்டு. நம் வீட்டுப் பிள்ளை அந்த வயதில் பஸ் பாஸ் எடுக்கவே அப்பாவைக் கூப்பிடுகிறான். (சிரிப்பு) மனைவி சத்தூரி தேவி, அவரும் சின்னப் பெண்.

மறு வருஷமே போர். 1914 அக்டோபரில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். குளிர்காலம் முழுக்கச் சேற்றுப் பள்ளத்தில் காவல்.

1915 மார்ச் 10. நியூவ் ஷாப்பல் என்ற ஊர். காலை 7.30-க்குப் பீரங்கிகள் முழங்கின. 35 நிமிஷம். 8.05-க்குக் காலாட்படை பாய வேண்டும். இது வரைக்கும் தளபதியின் மூளைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம்? குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பிகள் அறுந்து போச்சு. முன்னணியில் என்ன நடக்கிறது என்று பின்னால் இருந்த தளபதிகளுக்கு மணிக்கணக்கில் தெரியவில்லை. மூளைக்கும் கைக்கும் நடுவில் நரம்பே இல்லை ஐயா!

எதிரியின் பதுங்குகுழி நேர்வாய்க்கால் மாதிரி இருக்காது. கொஞ்ச தூரம் போகும், மடங்கும். மறுபடி போகும், மடங்கும். ஒரு பக்கம் குண்டு விழுந்தால் அடுத்த பக்கம் தப்பிக்க வேண்டும் என்பதற்காக அப்படி வெட்டியிருப்பார்கள். உள்ளே இறங்கியவனுக்கு அதுதான் வினை. ஒவ்வொரு மூலைக்கும் அந்தப் பக்கம் யார் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று தெரியாது. முதலில் திரும்புகிறவன் போனால் போனதுதான். கையெறிகுண்டு வீசுவோருக்குத் துணையாகத் துப்பாக்கிச் சனியனோடு போன கூட்டத்தில் கபர் சிங் ஒருவன். ஒவ்வொரு மூலையிலும் முதல் ஆளாகத் திரும்பியவன் அவன்தான். எதிரிகள் பின்வாங்கி, கடைசியில் சரணடைந்தார்கள். அந்தச் சண்டையிலேயே அவனும் விழுந்தான். இருபது வயது நிறைய இன்னும் 42 நாள் பாக்கி.

முதல் மூலைக்கு ஒருவனை ஆணை தள்ளிவிடலாம். இரண்டாவது மூலைக்கு? மூன்றாவதற்கு? பதினோரு ரூபாயில் இது எந்தக் கணக்கில் வரும் என்று நண்பர் சொல்லட்டும். (கைதட்டல்)

அவனுக்கு விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். 1911 வரைக்கும் இந்தியச் சிப்பாய்க்கு எட்டாமல் இருந்த பதக்கம் அது. உடல் கிடைக்கவில்லை. கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு அவன் பெயரும் நியூவ் ஷாப்பல் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. 1927-இல் திறந்தார்கள்.

நான் தமிழ் வாத்தியார். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். முதலில் அண்ணனையும் பிறகு கணவனையும் போரில் இழந்தவள், ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாளே, அந்தப் பாட்டு. வகுப்பில் குரல் உயர்த்திச் சொல்வேன். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். கட்வால் கதை தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, பாட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. மகன் போன பிறகு அந்த வீட்டில் விளக்கு ஏற்றியது யார்? நான் கேட்டதே இல்லை.

சத்தூரி தேவி அதற்கப்புறம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். சாம்பல் வரவில்லை, எலும்பு வரவில்லை. வந்தது ஒன்றரை அங்குல வெண்கலச் சிலுவை. கணவரின் அந்தப் பதக்கத்தைத் தன் உடையில் குத்திக்கொண்டே அந்த அம்மா வாழ்ந்தார். பதக்கத்தில் கணவன் பெயர் இருக்கிறது. பிரான்ஸில் கல்லில் கணவன் பெயர் இருக்கிறது. இந்த அம்மா பெயர்...

மணி அடித்துவிட்டீர்கள்.