ஹாக்கி சோறு போட்ட காலம்

புனே நகரை ஒட்டிய கட்கி, பட்டாளத்தால் பேர் வாங்கிய ஊர். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்றது இங்கேதான். பிறகு கண்டோன்மென்ட் வந்தது, வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது, பாம்பே சாப்பர்ஸ் படைப்பிரிவு நிலைகொண்டது. வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் அடித்த ஊர்களில் சர்ச்சும் கேன்டீனும் போல ஹாக்கி மைதானமும் தவறாமல் இருக்கும். வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் கட்கியில் குறைவில்லை.

அப்படி ஒரு குடும்பம் நாகலிங்கம் பிள்ளையுடையது. ஆர்டினன்ஸ் தொழிற்சாலைக் குடியிருப்பில் வாசம், மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. மனைவி ஆண்டாளம்மா. ஐந்து பையன்களில் நான்காமவராக 1968 ஜூலை 16 அன்று பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை.

அப்பா பராமரித்த மைதானம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, மட்டை வாங்கத்தான் காசில்லை. பெரியவர்கள் உடைத்துப் போட்ட மட்டைகளையும் தூக்கியெறிந்த பந்துகளையும் வைத்து அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். தரை பொதபொதவென்று சேறு. சேற்றில் பந்தை அடித்தால் நாலு அடி உருண்டு நின்றுவிடும். அதை மட்டையோடு ஒட்டவைத்து, மணிக்கட்டால் புரட்டிப் புரட்டித்தான் கொண்டுபோக வேண்டும். பிற்காலத்தில் மூன்று தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே தன்ராஜ் பந்தோடு புகுந்து வெளியே வந்த வித்தைக்கு அந்தச் சேறும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். பையனுக்கு அப்போது கண்கண்ட தெய்வம் இந்திய அணியின் முன்கள வீரர் முகமது ஷாகித். அவரைப் பார்த்து அப்படியே ஆடிப் பார்ப்பதுதான் பயிற்சி.

இந்தியாவில் ஹாக்கி அன்று ஒரு தொழிலாக இருந்த விதம் தனி. லீக் கிடையாது, ஏலம் கிடையாது. நன்றாக ஆடுகிறவனுக்கு ஒரு நிறுவனம் வேலை கொடுக்கும். ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி, விமான நிறுவனம் என்று ஆளுக்கொரு அணி. கொல்கத்தாவில் 1895 முதல் நடந்த பெய்ட்டன் கோப்பை, சென்னையில் 1901இல் தொடங்கி இன்று முருகப்பா தங்கக் கோப்பை என்று அறியப்படும் போட்டி போன்றவற்றில் இந்த அணிகள்தாம் மோதின. மாதச் சம்பளம் ஆபீசிலிருந்து வரும், ஆட்டம் நாட்டுக்குப் போகும். இந்திய ஹாக்கியைக் காப்பாற்றியது அதை நிர்வகித்த கூட்டமைப்பா, நிறுவனங்களின் வருகைப் பதிவேடா என்று கேட்டால், பின்னதுதான் என்பேன்.

பிள்ளை வீட்டுக்கும் அதுவே வழி. அண்ணன் ரமேஷ் பம்பாயில் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை அணிக்கு ஆடினார், இந்தியாவுக்காகவும் ஆடினார். 1980களின் நடுவில் தம்பியும் பம்பாய்க்கு ரயிலேறினார். அங்கே மஹிந்திரா அணியில் இடம் கிடைத்தது. ஜோவாகிம் கார்வாலோவிடம் பயிற்சி பெற்றார். அதற்கப்புறம் இந்தியன் ஏர்லைன்ஸ். 1989 டிசம்பரில் டெல்லி ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டார்.

அவர் உள்ளே வந்த நேரம் நல்ல நேரமல்ல. 1975இல் உலகக் கோப்பையை வென்ற அணி, அடுத்த ஆண்டே மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியதும் ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. மேடுபள்ளமான புல்தரையில் கைவேலைக்குத்தான் மதிப்பு. தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து கோடு போட்டாற்போல் பறக்கும். அங்கே ஓட்டமும் தெம்பும் ஓங்கி அடிக்கும் அடியும்தான் பேசும். ஐரோப்பியர்களுக்கும் ஆஸ்திரேலியர்களுக்கும் அது தோதாக அமைந்தது. நம் பையன்களில் பலர் அந்தத் தரையைக் கண்ணால் காண்பதே தேசிய முகாமுக்குப் போன பிறகுதான். 1980இல் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது உண்மை. பெரிய அணிகள் பல புறக்கணித்த ஒலிம்பிக் அது என்பதும் உண்மை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் சொந்த மண்ணிலேயே பாகிஸ்தானிடம் 1-7. 1986 லண்டன் உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. இந்தச் சொத்துதான் தன்ராஜ் கைக்கு வந்தது.

அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முடி. தோளில் புரளும் தலைமுடி பின்னால் பறக்க, உடம்பு முன்னே சாய, பந்தும் மட்டையும் ஒன்றாக ஓடும். சேற்றில் கற்ற கைவேலையோடு செயற்கைத் தரைக்கு வேண்டிய வேகமும் ஒரே ஆளிடம் இருந்தது. கோபமும் அதே அளவுக்கு இருந்தது. நடுவரிடம், நிர்வாகியிடம், சில சமயம் சக வீரர்களிடமும் அது வெடிக்கும்.

1994 சிட்னி உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாவது இடம். ஆனால் போட்டி முடிந்து தேர்ந்தெடுத்த உலக அணியில் தன்ராஜ் இருந்தார், இந்தியாவிலிருந்து அவர் ஒருவரே. 1995இல் அர்ஜுனா விருது. 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் கோப்பை சென்னைக்கு வந்தபோது அப்பா அம்மாவின் மொழி பேசும் கூட்டத்துக்கு முன்னால் ஆடினார். இந்தியாவுக்கு நான்காவது இடம் கிடைத்தது.

பிறகு வந்தது 1998 டிசம்பர், பாங்காக். ஆசிய விளையாட்டில் 1966க்குப் பிறகு இந்தியாவுக்கு ஹாக்கித் தங்கம் இல்லை. அணித் தலைவர் தன்ராஜ், பயிற்சியாளர் எம்.கே. கௌசிக். இறுதியில் தென் கொரியாவோடு ஆட்டம் சமநிலையில் நின்று பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் அணியைக் காப்பாற்றினார்; 32 ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது.

வெற்றி பெற்ற அணிக்கு ஊரில் கிடைத்த பரிசுதான் விசித்திரம். தன்ராஜ், பல்லால் உட்பட மூத்த வீரர்கள் பலர் அடுத்த அணியில் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றது நிர்வாகம். கௌசிக்கின் பதவியும் போனது. வீரர்களுக்குக் கொடுக்கும் தினப்படியும் ஆட்டப் பணமும் மிகக் குறைவு என்று தன்ராஜ் வெளிப்படையாகப் பேசியிருந்தார். அதற்கான தண்டனை இது என்றுதான் ஹாக்கி உலகம் புரிந்துகொண்டது. தங்கம் கொண்டுவந்த தலைவனைக் காசு கேட்டான் என்று உட்காரவைத்த கூட்டமைப்பை என்ன சொல்ல? அதே தன்ராஜுக்கு 1999-2000 ஆண்டுக்கான கேல் ரத்னா விருதை நாட்டின் அரசு கொடுத்தது.

நல்ல வேளையாக அவர் கூட்டமைப்பை நம்பிப் பிழைக்கவில்லை. ஆபீஸ் வேலை இருந்தது. வெளிநாட்டுக் கிளப்புகளும் அழைத்தன: லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், டாக்காவில் அபஹானி, மலேசியாவில் சில அணிகள்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து சமன் செய்தது. அவர் ஆடிய நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கத்துக்கு அத்தனை அருகில் போனது அந்த ஒருமுறைதான். 2002 கொலோன் சாம்பியன்ஸ் கோப்பையில் 34 வயதில் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 3-4 என்று தோற்றது. 2003இல் கோலாலம்பூரில் அதே பாகிஸ்தானை 4-2 என்று வீழ்த்தி, இந்தியாவின் முதல் ஆசியக் கோப்பையைத் தலைவராக வாங்கினார். 2004 ஏதென்ஸ் அவருடைய கடைசி ஒலிம்பிக். அதற்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சியாளரையே மாற்றியிருந்தார்கள். களத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் சொற்பம்.

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, மொத்தம் 339 சர்வதேச ஆட்டங்கள். எத்தனை கோல் அடித்தார்? 170 வரை இருக்கும் என்று ஒரு எண் புழங்குகிறது. முறையான அதிகாரபூர்வக் கணக்கைக் கூட்டமைப்பு வைத்திருக்கவே இல்லை.