மோட்டார் சுத்துது, ஆனா வேகம் இல்லையா? வாஷிங் மெஷினைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கரிசல் சேறு ஒட்டின வேட்டி, சிமென்ட் தூசி படிஞ்ச யூனிஃபார்ம், ரெண்டு ஜீன்ஸ். எல்லாத்தையும் ஒரே தடவையில அமுக்கிப் போட்டு சுவிட்சைத் தட்டுறீங்க. உள்ளே 'ம்ம்ம்'னு ஒரு சத்தம், சக்கரம் மட்டும் ஆடி அசைஞ்சு சுத்துது. "மோட்டார் போச்சு, மாத்தணும்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க. வேகம் குறையுற பல கேஸ்கள்ல மோட்டார் நல்லாதான் இருக்கும்.

முதல் சந்தேகம் கரன்ட் மேல. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்னு வெள்ளாமை நடக்கிற கிராமங்கள்ல, வயக்காட்டு மோட்டார்கள் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா வீட்டு பல்பே மங்கும். மெஷின் மோட்டாருக்கு 230 வோல்ட் வேணும். செமி ஆட்டோமேட்டிக்குல இருக்கிற இண்டக்‌ஷன் மோட்டாரோட இழுவிசை, வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்து மாறும். அதாவது 180 வோல்ட்தான் வருதுன்னா, இழுவை கிட்டத்தட்ட 61 சதவிகிதமா இறங்கிடும். ஈரத்துணி கனத்துக்கு அது பத்தாது. மல்டிமீட்டர் இருந்தா மெஷின் ஓடும்போதே பக்கத்து பிளக்ல வோல்டேஜ் பாருங்க. குறைவா இருந்தா ஸ்டெபிலைசர் போடுங்க, இல்லைன்னா துவைக்கிற நேரத்தை மாத்துங்க. மெஷினைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

வோல்டேஜ் சரின்னா, பிளக்கைப் பிடுங்கிட்டு (சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது) கையால சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. இறுகிப் போயிருந்தா அடியில நாணயமோ, கொக்கியோ மாட்டியிருக்கலாம். டிரையர் பக்கம் இன்னொரு விஷயம் அடிக்கடி நடக்கும். கைக்குட்டை, குழந்தை சாக்ஸ் மாதிரி சின்னத் துணி ஏதாவது டப்புக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவுல விழுந்து இறுக்கிடும். எங்க வீட்டு டிரையர் ஒரு வாரம் முடங்கிக் கிடந்ததுக்குக் காரணம் ஒரே ஒரு சாக்ஸ்! மூடியைத் திறந்தா பிரேக் பிடிக்கணும், மூடினா விடணும். பிரேக் கம்பி தளர்ந்திருந்தா மூடினப்புறமும் பிரேக் உரசிட்டே இருக்கும். வேகம் வராது, ரப்பர் கருகுற வாடை வரும்.

இது எதுவுமே இல்லைன்னா, அடுத்தது கண்டென்சர். சீலிங் ஃபேன் மெதுவா ஓடினா எலெக்ட்ரீஷியன் என்ன மாத்துவார்? அதே சமாச்சாரம்தான் இங்கேயும். அது பலமிழந்தா மோட்டார் உறுமும், ஆனா கிளம்பாது. கிளம்பினாலும் சொங்கியாதான் ஓடும். பொதுவா வாஷ் மோட்டாருக்கு 10 மைக்ரோஃபாரடை ஒட்டியும், டிரையருக்கு 5-ஐ ஒட்டியும் இருக்கும். பல மெஷின்கள்ல ரெண்டும் ஒரே டப்பாக்குள்ள. சரியான அளவு அந்த டப்பா மேலயே அச்சடிச்சிருக்கும், அதைத்தான் வாங்கணும். கெப்பாசிட்டன்ஸ் அளக்கிற மீட்டர்ல 10-க்கு 9.5 காட்டினா பரவாயில்லை. 7 காட்டினா தூக்கிப் போடுங்க. ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சர்ல கரன்ட் தங்கியிருக்கும். பழைய குண்டு பல்பு ஹோல்டரோட ரெண்டு ஒயரையும் அதோட முனைகள்ல வெச்சு இறக்கிட்டுத்தான் கை வைக்கணும். இதுல அசட்டுத் துணிச்சல் வேண்டாம்.

மோட்டார் வேகமா சுத்துது, சக்கரம் மட்டும் மெதுவா சுத்துதா? அப்போ பெல்ட். கட்டைவிரலால நடுவுல அழுத்தினா சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். தொளதொளன்னு இருந்தா மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் பின்னாடி இழுத்து இறுக்குங்க. வெடிப்பு விட்டிருந்தா, மேல உள்ள நம்பரைப் பார்த்து அதையே வாங்குங்க.

ஃப்ரன்ட் லோடு மெஷின் கதை வேற. பெல்ட் ஓட்டுற பழைய மாடல்கள் பலதுல கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். பிரஷ் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தேஞ்சிருந்தா ஜோடியா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தக் கூடாது. மோட்டார் பின்பக்கம் 'டேக்கோ'ன்னு ஒரு சின்ன காயில் உண்டு. எவ்வளவு வேகமா ஓடுதுன்னு போர்டுக்குச் சொல்றது அதுதான். அது அறுந்தா மோட்டார் திடீர்னு வேகமெடுத்து, உடனே நின்னு எரர் காட்டும். மீட்டரை ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு முனையையும் தொடுங்க. மாடலைப் பொறுத்து ஏதோ ஒரு அளவு காட்டணும். எதுவுமே காட்டலைன்னா காயில் அவுட். டேக்கோ நல்லா இருந்தும் மெஷின் ஆரம்பத்திலேயே வெறிபிடிச்ச மாதிரி ஓடினா, போர்டுல உள்ள ட்ரையாக் ஷார்ட் ஆகியிருக்கலாம். போர்டு முழுசையும் மாத்தணும்னு அவசியமில்லை. சால்டரிங் தெரிஞ்சவர் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாத்தித் தரலாம், கேட்டுப் பாருங்க.

துவைக்கும்போது நல்லா ஓடி, பிழியும்போது மட்டும் வேகமெடுக்கலையா? துணி ஒரு பக்கமா குவிஞ்சிருக்கும், இல்லைன்னா தண்ணி முழுசா இறங்கியிருக்காது. பெட்ஷீட்டைத் தனியா ஒண்ணு போட்டா இந்தப் பிரச்னை சாதாரணம். துணியைப் பிரிச்சுப் போட்டு, டிரெயின் ஃபில்டரைச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க.

இன்வெர்ட்டர் மெஷின்னா பிளக்கைப் பிடுங்கிட்டு, அடிப்பக்கம் எலி ஒயரைக் கடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அதோட நிறுத்திக்கோங்க. உள்ளே போர்டுல 300 வோல்ட்டுக்கு மேல டி.சி. ஓடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். எரர் கோடை போன்ல போட்டோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்புங்க. மெஷின் பின்னாடி உள்ள மாடல் நம்பரையும் சேர்த்து அனுப்பினா, பார்ட்ஸுக்காக அவர் திருச்சிக்கு ரெண்டு தடவை பஸ் ஏற வேண்டியிருக்காது.