புள்ளிக் கட்டங்களில் பிறந்த வளைவுகள்

கணிப்பொறித் திரையை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்று நோக்குங்கள். அங்கே கோடும் இல்லை, வட்டமும் இல்லை. சின்னஞ்சிறு கட்டங்கள் மட்டுமே வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைப் புள்ளிகள் என்கிறோம். சதுரமான புள்ளிகளைக் கொண்டு வழவழப்பான வளைவை வரைவது எங்ஙனம்? ஐகான் எனப்படும் சித்திரக்குறிகளின் வரலாறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது எனலாம்.

முற்காலத்தில் கணிப்பொறியை இயக்கக் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்து தட்டச்சிட வேண்டும். ஓர் எழுத்து பிழையானாலும் பொறி இணங்காது. சொல்லுக்குப் பதிலாகப் படத்தைக் காட்டினால் என்ன என்று சிலர் சிந்தித்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித் என்பவர் 1975இல் அளித்த ஆய்வேட்டில், இத்தகைய படங்களுக்கு ஐகான் என்ற பெயரைச் சூட்டினார். 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் என்னும் கணிப்பொறியில் தாள், உறை, கோப்பு ஆகியவற்றின் படங்கள் திரையில் தோன்றின. அவற்றை வரைந்தவர் நார்மன் காக்ஸ்.

படம் வரையப் புகுந்தவர்களை எதிர்கொண்ட முதல் இடையூறு படிக்கட்டு. கிடைக்கோடும் நிமிர்கோடும் கட்டங்களில் சீராக அமையும். 45 பாகைச் சாய்கோடும் ஒழுங்காக ஏறும். ஆனால் 10 கட்ட நீளத்தில் 3 வரிசைகளைக் கடக்கும் கோட்டைப் பாருங்கள். அது 3, 4, 3 என்று சமமற்ற படிகளாக உடைந்துவிடும். கண் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

கோட்டுக்கு மிக அருகிலுள்ள புள்ளிகள் எவை என்பதைக் கணக்கிட, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் ஒரு முறையைக் கண்டார். அது 1965இல் வெளியாயிற்று. பின்னங்களே இன்றி, முழு எண்களைக் கூட்டியும் கழித்துமே விடை காண்பது அதன் சிறப்பு. ஆயினும் அம்முறை படிகளைத் திறம்பட அடுக்கியதேயன்றிப் படிகளை நீக்கவில்லை.

படிகளை மறைக்கும் வழியை 1977இல் ஃபிராங்கிளின் குரோ ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒரு கட்டத்தின் பாதியை மட்டும் கருப்பு வடிவம் மூடுகிறது என்று கொள்வோம். அந்தக் கட்டத்தை முழுக் கருப்பாகவோ முழு வெள்ளையாகவோ ஆக்காமல், இடைப்பட்ட சாம்பல் நிறம் கொடுக்க வேண்டும். கால்பாகம் மூடினால் சாம்பல் இன்னும் வெளிறும். தொலைவிலிருந்து பார்க்கும் கண், இந்தச் சாயல்களை ஒன்றுகூட்டி மழுமழுப்பான ஓரமாகக் காண்கிறது.

வழி தெரிந்தும் அதைக் கையாள முடியாத நிலை ஒன்று ஏற்பட்டது. 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மக்கின்டாஷ் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் திரையில் 512 நிரல்களும் 342 வரிசைகளும் இருந்தன. அதாவது 1,75,104 புள்ளிகள். அதன் நினைவகமோ 1,31,072 பைட்டுகள். 256 சாம்பல் நிறங்கள் வேண்டுமெனில் புள்ளி ஒன்றுக்கு ஒரு பைட்டு தேவை. திரைப்படத்திற்கே நினைவகம் முழுவதும் போதாது! எனவே ஒவ்வொரு புள்ளியும் கருப்பு அல்லது வெள்ளை என்று முடிவாயிற்று. புள்ளி ஒன்றுக்கு ஒரே பிட்டு. திரை முழுவதற்கும் 21,888 பைட்டுகள்.

இந்தக் கருப்பு வெள்ளைக்குள் படம் வரைய வந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர், சிற்பம் செய்தவர். கணிப்பொறிக்குப் படம் வரைவதில் அவர் முற்றிலும் புதியவர். பள்ளித் தோழரான ஆன்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு அழைக்க, 1983இல் ஆப்பிளில் சேர்ந்தார். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, 32க்கு 32 கட்டங்களை எல்லையாகக் கொண்டு, வேண்டிய கட்டங்களை நிரப்பி வரைந்தார். மொத்தம் 1,024 கட்டங்கள். நினைவகத்தில் 128 பைட்டுகள். துணியில் நூலெண்ணிப் போடும் பூவேலையும், கல் பதித்த சித்திரமும் இதே வகைக் கலைகள் அல்லவா? அந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. சிரிக்கும் கணிப்பொறி, குப்பைத்தொட்டி, பழுதைக் காட்டும் வெடிகுண்டு ஆகியவை இவ்வாறு பிறந்தன. சாம்பல் நிறம் இல்லாத குறையை, புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் திறத்தால் அவர் ஈடுசெய்தார். கணிப்பொறியையே கண்டிராதவரும் குப்பைத்தொட்டியைக் கண்டதும் அதன் பயனை ஊகித்துக்கொண்டனர்.

வாசகர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். வரைபடத்தாளில் 16க்கு 16 கட்டங்களை எல்லையிட்டுக்கொள்ளுங்கள். மேல் வரிசையின் நடுவிலிருந்து வலப்புறமாக 3 கட்டங்களை நிரப்புங்கள். ஒரு வரிசை கீழிறங்கி, அடுத்த 2 கட்டங்கள். மீண்டும் கீழிறங்கி 1 கட்டம். இனி ஒரு நிரல் வலப்புறம் நகர்ந்து, கீழ்நோக்கி 2. அடுத்த நிரலில் கீழ்நோக்கி 3. வட்டத்தின் கால்பாகம் முடிந்தது. மற்ற மூன்று பாகங்களையும் கண்ணாடியில் தெரிவது போல் வரைந்து முடியுங்கள். தாளைச் சற்றுத் தள்ளி வைத்தால் நல்ல வட்டம் தோன்றும். 3, 2, 1, 2, 3 என்று படிகள் சீராகக் குறைந்து சீராக வளர்வதே இதன் இரகசியம். தொடக்கத்தில் 3, 1, 2 என்று மாற்றிப் பாருங்கள். வட்டத்தில் ஒரு புடைப்பு தெரியும்.

பின்னர் நினைவகம் பெருகிற்று. 1990இல் வந்த விண்டோஸ் 3.0க்குக் கேர் 16 நிறங்களில் குறிகளை வரைந்தார். 2001இல் வெளியான மேக் ஓ.எஸ். டென் 128க்கு 128 புள்ளிகள் கொண்ட குறிகளைக் காட்டியது. புள்ளிக்கு 4 பைட்டுகள் என்றால் ஒரு குறிக்கு 65,536 பைட்டுகள். முதல் மக்கின்டாஷின் நினைவகத்தில் சரிபாதி!

இதற்கிடையே வேறொரு வழியும் திறந்தது. பிரான்சில் மோட்டார் வண்டிகளின் உடல் வளைவுகளை வரைய, சிட்ரன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும் தனித்தனியே கண்ட கணித வளைவுகள் கணிப்பொறி ஓவியத்திற்கு வந்து சேர்ந்தன. சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் குறித்தால் போதும். வளைவை எந்த அளவிலும் பொறியே வரைந்துவிடும். 1984இல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட், 2001இல் எஸ்.வி.ஜி. ஆகிய முறைகள் இவ்வளைவுகளைக் கையாண்டன.

எனினும் இறுதியில் எந்த வளைவும் கட்டங்களிலேயே வந்து விழ வேண்டும். ஒன்றரைப் புள்ளி தடித்த கோட்டைச் சிறு குறியில் வரைந்தால், அரைப் புள்ளி சாம்பலாகிக் கோடு மங்கிப்போகும். ஓரங்களை முழுக் கட்டத்தின் விளிம்பில் நிறுத்தினால் கோடு பளிச்சென்று தெரியும். புதிதாக வரைவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

கருவிகள் வளர்ந்துவிட்டன, கட்டம் மறையவில்லை. வரைபடத்தாளும் பென்சிலும் உள்ள மாணவர் எவரும் இக்கலையை இன்றே தொடங்கலாம்.