தரையிலேயே முடிந்த வான்போர்

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரெட் அலர்ட் 2’ கணினி விளையாட்டில், ஹாரியர் விமானங்களை ஏவி மிரட்டும் எதிரியை மடக்க ஒரு வழி உண்டு. விமானங்களின் பின்னால் ஓட வேண்டியதில்லை. குண்டு தீர்ந்ததும் அவை தளத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஒரு தளத்தில் நான்கு விமானங்களுக்குத்தான் இடம். தளத்தை உடைத்தால் போதும், இறங்க இடமில்லாமல் அவை தாமே விழுந்து நொறுங்கும். டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சைபர் கஃபேயில் உட்கார்ந்த எந்தப் பையனும் நாலு ஆட்டம் தோற்றபின் இதைக் கற்றுக்கொண்டிருப்பான். 1941 டிசம்பரில் மலாயாவின் பிறை வட்டாரத்து வானில் நடந்ததைக் காட்டியிருந்தால், இரண்டாம் நாளே அவன் முடிவைச் சொல்லியிருப்பான்.

பினாங்குத் தீவுக்கான ரயில் பாதை அன்று பிறையில் முடிந்தது. அதற்குச் சற்று வடக்கே, பட்டர்வொர்த்தில், பிரிட்டிஷார் புதிதாக ஒரு விமானதளம் கட்டியிருந்தார்கள். அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கோத்தா பாரு, குவாந்தான் என்று மலாயாவில் தளங்களுக்குப் பஞ்சமில்லை. விமானங்களுக்குத்தான் பஞ்சம். மலாயாவைக் காக்க 336 விமானங்கள் தேவை என்று லண்டனே கணக்குப் போட்டிருந்தது. போர் தொடங்கிய அன்று முன்னணியில் இருந்தவை 158. எதிரியான ஜப்பானியரிடம் 500-க்கும் மேல். இதைவிடக் கொடுமை, வராத விமானங்களுக்காகக் கட்டிய தளங்களைக் காக்கத் தரைப்படையைப் பிய்த்துப் பிய்த்து நிறுத்தியதுதான். ஜித்ராவில் காலாட்படை பள்ளம் தோண்டிக் காத்திருந்ததற்கு அலோர் ஸ்டார் ஓடுபாதை ஒரு முக்கியக் காரணம்.

கண்ணும் இல்லை. ராடார் நிலையங்கள் சிங்கப்பூரைச் சுற்றியே இருந்தன. வடக்கில் வானத்தை அண்ணாந்து பார்த்துத் தொலைபேசியில் சொல்லும் ஆட்கள்தான் நம்பிக்கை. விளையாட்டில் வரைபடத்தை மூடியிருக்கும் கறுப்புத் திரை இங்கே நிஜமாகவே விழுந்திருந்தது.

டிசம்பர் 8 காலை அடி விழுந்தது. சுங்கை பட்டாணியில் ஆஸ்திரேலியர்களின் பஃபலோ விமானங்கள் சிக்கின. அலோர் ஸ்டாரில், தாக்குதலுக்குப் போய்த் திரும்பிய ப்ளென்ஹைம் விமானங்கள் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஜப்பானியர் வந்தார்கள். ஹாரியர் கதைதான். அவர்கள் போட்டவை பெரும்பாலும் சிறிய சிதறுகுண்டுகள். விமானமும் ஆளும் சேதமாக வேண்டும், ஓடுபாதையில் குழி விழக்கூடாது. நாளைக்கு அது தங்களுக்கு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியே நடந்தது: சில நாளில் அலோர் ஸ்டார் கைமாறியபோது பிரிட்டிஷார் விட்டுப்போன பெட்ரோலும் குண்டுகளும் சேர்ந்தே கைமாறின. ‘ரெட் அலர்ட்’ ஆடியவர்களுக்கு எதிரியின் கட்டடத்தைப் பிடிக்கும் இன்ஜினியர் நினைவுக்கு வருவார்.

டிசம்பர் 9-இல் பட்டர்வொர்த்தில் மிச்சமிருந்த ப்ளென்ஹைம்கள், தாய்லாந்தில் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோரா தளத்தைத் தாக்கத் தயாராக நின்றன. முதலில் எழும்பியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். அடுத்த விமானங்கள் ஓடத் தொடங்கும் முன் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. ஸ்கார்ஃபின் கண்ணெதிரே, கீழே நின்ற மற்ற விமானங்கள் அழிந்தன, அல்லது பறக்க முடியாமல் முடங்கின. அவர் திரும்பிவிடவில்லை. தனி விமானமாகச் சிங்கோரா போய்க் குண்டு போட்டார். கையிலும் முதுகிலும் சுடப்பட்டு, உடனிருந்த இருவர் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். அந்த இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் அன்றே மருத்துவமனையில் இறந்தார். விக்டோரியா கிராஸ் விருது 1946-இல்தான் வந்தது, கல்லறை தைப்பிங்கில். வீரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒற்றை விமானத் தாக்குதல் போரின் போக்கை மாற்றாது என்பதை அந்த சைபர் கஃபே பையனும் ஒப்புக்கொள்வான்.

டிசம்பர் 10-இல் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ போர்க்கப்பல்கள் விமானத் துணையின்றிப் போய்க் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. அவற்றைக் காக்க வேண்டிய 453-ஆம் ஸ்குவாட்ரனின் பஃபலோக்கள் போய்ச் சேர்ந்தபோது கடலில் தத்தளிக்கும் மாலுமிகள்தான் மிச்சம். 13-ஆம் தேதி அதே ஸ்குவாட்ரனின் தலைவர் டிம் விகர்ஸ் பினாங்கு வானில் சுடப்பட்டு, தீக்காயத்தோடு பாராசூட்டில் குதித்தார்.

இதற்கிடையில் 11-ஆம் தேதி பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகர் மீதே குண்டு விழுந்தது. தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. அதை அறியாத மக்கள் வீட்டுக்குள் ஒளியவில்லை. தெருவுக்கு வந்து விமானங்களை வேடிக்கை பார்த்தார்கள். அணிவகுத்து வந்த விமானங்கள் தாழ இறங்கி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. தீயணைப்பு நிலையமும் அடிபட்டதால் நெருப்பு நாள்கணக்கில் எரிந்தது. படகோட்டிகள் ஓடிவிட, பினாங்கின் ஃபெர்ரிகளை ஓட்ட வந்தவர்கள் மூழ்கிய அந்த இரண்டு கப்பல்களிலிருந்து தப்பிய மாலுமிகள்.

ஐரோப்பியர்கள் 16-ஆம் தேதி இரவோடு தீவைக் காலி செய்தார்கள். ஆசியர்களுக்கு இடமில்லை. ஆனால் வானொலி நிலையத்தையும் துறைமுகத்துப் படகுகளையும் அழிக்க மறந்துபோனார்கள். அந்தப் படகுகளில்தான் ஜப்பானியர் பின்னர் மேற்குக் கரையோரமாக இறங்கினார்கள்.

கைவிடப்பட்ட ஊரில் பொறுப்பை ஏற்றவர் ஒரு தமிழர். இலங்கையில் பிறந்த மாணிக்கசோதி சரவணமுத்து, ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றினார். பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று, அழிக்காமல் விட்ட அதே வானொலியில் ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பினார். அந்தப் போரில் பினாங்கு மக்களுக்குக் கிடைத்த, பலன் தந்த ஒரே வான் பாதுகாப்பு அதுதான். ஜப்பானியர் 19-ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள்.

கோட்டைக்கு அருகில் விக்டோரியா மணிக்கூண்டு இன்றும் சற்றே சாய்ந்து நிற்கிறது. அந்தக் குண்டுவீச்சுதான் காரணம் என்கிறார்கள். அக்கரையில் பட்டர்வொர்த் தளத்தில் 1971-இல் ஐந்து நாடுகளின் கூட்டு வான் பாதுகாப்புத் தலைமையகம் அமைந்தது.